ஒரே குரோமியம், ஒன்றில் சிவப்பு, இன்னொன்றில் பச்சை: கனிமங்களுக்கு நிறம் எப்படி வருகிறது?

கேள்வி இதுதான்: மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே கனிமம் என்கிறார்களே, அப்படியானால் அவற்றின் நிறம் எங்கிருந்து வருகிறது? நிறத்தை வைத்து ஒரு கனிமத்தை அடையாளம் சொல்ல முடியுமா? கனிமவியல் நூல்களில் நிறத்தை எந்த முறையில் விவரிக்கிறார்கள்?

முதலில் சுருக்கமான பதில். பெரும்பாலான கனிமங்களில் நிறம் என்பது எலக்ட்ரான்களின் வேலை. வெள்ளை ஒளி கல்லுக்குள் நுழைகிறது. அதில் சில அலைநீளங்களை எலக்ட்ரான்கள் விழுங்கிக்கொள்கின்றன, மிச்சம் நம் கண்ணுக்கு வருகிறது. எந்தப் பகுதி விழுங்கப்படும் என்பது அங்கே என்ன தனிமம் இருக்கிறது என்பதோடு நிற்பதில்லை. அந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதைச் சுற்றி யார் இருக்கிறார்கள், அது எத்தனை எலக்ட்ரானை இழந்திருக்கிறது, இவை எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அதனால்தான் நிறம் ஒரு கல்லின் பெயரைச் சரியாகச் சொல்லாது. ஆனால் அது எங்கே, எப்படி உருவானது, பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி நிறையச் சொல்லும்.

இனி விரிவாகப் பார்ப்போம். மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தம் என்ற ஒரே கனிமம். வேதியியலில் அலுமினியம் ஆக்சைடு. தூய குருந்தத்துக்கு நிறமே இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் நூறு அலுமினிய அணுக்களில் ஒன்றின் இடத்தில் குரோமியம் போய் அமர்ந்தால் போதும், கல் நல்ல சிவப்பாகிவிடும். குரோமியத்தின் வெளிப்புற எலக்ட்ரான்கள் ஊதா ஒளியையும், பச்சையும் மஞ்சளும் சேர்ந்த பகுதியையும் உறிஞ்சுகின்றன. சிவப்பும் கொஞ்சம் நீலமும் தப்பி வருகின்றன. அது மட்டுமில்லை. உறிஞ்சிய ஆற்றலில் ஒரு பகுதியைக் குரோமியம் 694 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு ஒளியாகவே திருப்பி உமிழ்கிறது. நல்ல மாணிக்கம் வெயிலில் உள்ளிருந்து எரிகிற மாதிரி தெரிவதற்கு இந்த ஒளிர்தலும் ஒரு காரணம். 1960இல் தியோடர் மைமன் உருவாக்கிய முதல் லேசர் இந்த உமிழ்வை வைத்துத்தான் இயங்கியது; அவர் பயன்படுத்தியது செயற்கை மாணிக்கத் தண்டு.

இப்போது மரகதத்தைப் பாருங்கள். அது பெரில் என்ற வேறு கனிமம்; பெரிலியமும் அலுமினியமும் கலந்த சிலிக்கேட். தூய பெரிலுக்கும் நிறமில்லை. அதிலும் அலுமினியத்தின் இடத்தில் அதே குரோமியம், அதே மூன்று எலக்ட்ரான் இழந்த நிலையில், அதே போல ஆறு ஆக்சிஜன் சூழ உட்காருகிறது. சில மரகதங்களில் வனேடியமும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் கிடைப்பது பச்சை! காரணம் அந்த ஆறு ஆக்சிஜன்களின் பிடி. குருந்தத்தில் பிடி இறுக்கம். பெரிலில் கொஞ்சம் தளர்வு. வீணைத் தந்தியின் முறுக்கைச் சற்றுத் தளர்த்தினால் சுரம் இறங்குவது போல, இங்கே எலக்ட்ரான் தாவுவதற்குத் தேவையான ஆற்றல் இறங்குகிறது. உறிஞ்சப்படும் இரண்டு அலைநீளப் பகுதிகளும், அதாவது உறிஞ்சும் பட்டைகள் இரண்டும், சிவப்புப் பக்கம் நகர்கின்றன. மாணிக்கத்தில் சுமார் 550 நானோமீட்டரில் இருந்த பட்டை மரகதத்தில் 600ஐ ஒட்டிப் போய்விடுகிறது. பச்சைக்கு வழி திறக்கிறது, சிவப்பின் பெரும்பகுதி அடைபடுகிறது. இவ்வளவு சின்ன நகர்வுக்கு இவ்வளவு பெரிய நிறமாற்றம். கனிம நிறங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஒருவருக்குச் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். "குரோமியம் பச்சை, கோபால்ட் நீலம், மாங்கனீசு இளஞ்சிவப்பு" என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது இந்த இடத்தில்தான் உடைந்துபோகிறது.

நீலக்கல்லின் கதை வேறு. அங்கே குரோமியம் இல்லை. இரும்பும் டைட்டானியமும் இருக்கின்றன. தனித்தனியாக இருந்தால் இவை குருந்தத்துக்குப் பெரிதாக நீலம் எதுவும் கொடுக்காது. இரண்டும் அடுத்தடுத்த இடங்களில் அமர்ந்துவிட்டால், ஒளி பட்டதும் இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் டைட்டானியத்துக்குத் தாவுகிறது. இந்தத் தாவலுக்கு மஞ்சளும் ஆரஞ்சும் சார்ந்த ஒளி செலவாகிறது, நீலம் மிஞ்சுகிறது. இதை மின்சுமை மாற்றம் என்பார்கள். மாணிக்கத்தில் நடப்பது ஒரே அணுவுக்குள் நடக்கும் தாவல். குவாண்டம் விதிகள் அதை அரைமனதோடுதான் அனுமதிக்கின்றன. அணுவிலிருந்து அணுவுக்குத் தாவுவதற்கு அந்தத் தடை இல்லை. அதனால் உறிஞ்சுதல் பல மடங்கு பலமாக இருக்கும். குரோமியம் நூற்றுக்கு ஒன்று தேவைப்படுகிற இடத்தில், இரும்பும் டைட்டானியமும் ஒரு சதவீதத்தில் நூறில் சில பங்கு அளவுக்கு இருந்தாலே ஆழ்ந்த நீலம் வந்துவிடும்.

இரும்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம், அவ்வளவு வேடம் போடுகிற தனிமம் அது. இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு, ஆறு ஆக்சிஜன் நடுவே ஒலிவினில் இருந்தால் மஞ்சள் கலந்த பச்சை. அதே இரும்பு அல்மண்டைன் கார்னெட்டில் எட்டு ஆக்சிஜன் நடுவே இருந்தால் கருஞ்சிவப்பு. பெரிலில் மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு மஞ்சள் தரும். இரண்டு இழந்த இரும்பும் கூட இருந்தால் அக்வாமரின் நீலம். பச்சை சாயல் உள்ள அக்வாமரினைச் சூடாக்கினால் மஞ்சள் பங்கு குறைந்து தூய நீலம் வெளிப்படுவது இதனால்தான். சந்தையில் பலர் விரும்புவதும் அந்த நீலத்தைத்தான். எனக்கு என்னவோ பச்சை கலந்ததே அழகு. விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட் இன்னும் சுவாரசியமானது. மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும்போது கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டதும் அதிலுள்ள இரும்பில் ஒரு பகுதி இன்னொரு எலக்ட்ரானை இழக்கிறது. இருவகை இரும்பும் அருகருகே வந்ததும் மின்சுமை மாற்றம் தொடங்கிவிடும். கல் நீலமாகி, பிறகு கருநீலமாகிக்கொண்டே போகும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலும் நிறம் தருவது விருந்தாளி அணுக்கள். வீட்டுக்காரரே நிறம் தருவதும் உண்டு. மாலகைட்டில் செம்பு இல்லாவிட்டால் மாலகைட்டே இல்லை. அதனால் அது எங்கே கிடைத்தாலும் பச்சைதான். அசுரைட்டும் செம்பு கார்பனேட்தான், ஆனால் செம்பைச் சூழ்ந்த அமைப்பு வேறு, அதனால் நீலம். ரோடோகுரோசைட்டின் இளஞ்சிவப்பு மாங்கனீசிலிருந்து வருகிறது. முதல் வகையைப் பிறநிறக் கனிமங்கள் என்றும் இரண்டாவதைத் தன்னிறக் கனிமங்கள் என்றும் சொல்லிக்கொள்ளலாம். அடையாளம் காண்பது பற்றிப் பேசும்போது இந்தப் பிரிவு திரும்ப வரும்.

அடுத்தது கதிர்வீச்சு. எந்த உலோகத்தின் பெயரையும் நேரடியாகக் குற்றம் சாட்ட முடியாத நிறங்கள் உண்டு. புகைக் குவார்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் வெறும் சிலிக்கன் ஆக்சைடு. அதில் சில சிலிக்கன் அணுக்களின் இடத்தில் அலுமினியம் இருக்கும், அது மட்டும் நிறம் தராது. சுற்றியுள்ள பாறையில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்லப் பட்டு, அலுமினியத்துக்குப் பக்கத்து ஆக்சிஜனிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. எலக்ட்ரான் போன வெற்றிடம் ஒளியை உறிஞ்சும். கல் பழுப்பாகப் புகைந்துபோகும். இப்படிப்பட்ட இடத்தை நிற மையம் என்கிறார்கள். கல்லைச் சில நூறு டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் எலக்ட்ரான்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், கல் தெளிந்துவிடும். மறுபடி கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் புகை திரும்பும். ஊதாநிற அமெதிஸ்டிலும் இதே விளையாட்டுத்தான், அலுமினியத்துக்குப் பதில் இரும்பு. அதைச் சுமார் 450 டிகிரிக்குச் சூடாக்கினால் பெரும்பாலும் மஞ்சளாகும். கடைகளில் சிட்ரின் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி சூடாக்கிய அமெதிஸ்ட்தான். ஒரே கல்லில் பாதி ஊதாவும் பாதி மஞ்சளுமாக இருக்கும் அமெட்ரின் இயற்கையாகவே கிடைக்கிறது. பொலிவியாவின் அனாஹி சுரங்கம் அதற்குப் பேர்போனது.

ஃபுளோரைட்டின் ஊதாவிலும் கல்லுப்பில் அபூர்வமாகத் தென்படும் நீலத்திலும் இதே மாதிரி படிகக் குறைபாடுகளுக்குப் பங்கு உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கும் 41 காரட் பச்சை வைரமும் இயற்கைக் கதிர்வீச்சின் வேலைதான்.

வைரம் என்றதும் இன்னொரு வழியைச் சொல்ல வேண்டும். வைரம், கந்தகம், சாதிலிங்கம் என்ற பாதரசத் தாது போன்றவற்றில் எலக்ட்ரான்கள் தனி அணுவுக்குச் சொந்தமில்லை, படிகம் முழுவதற்கும் பொது. அவை கீழ் ஆற்றல் பட்டையிலிருந்து மேல் ஆற்றல் பட்டைக்குத் தாவ ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும்; இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. வைரத்தில் அது சுமார் 5.5 எலக்ட்ரான் வோல்ட் (இது ஆற்றலை அளக்கும் ஒரு சிறிய அலகு). கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் ஏறத்தாழ 1.7 முதல் 3.1 வரைதான் என்பதால் தூய வைரம் எதையும் விழுங்காது. சாதிலிங்கத்தில் இடைவெளி சுமார் 2. அதற்கு மேலுள்ள நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் போய்ச் சிவப்பு மட்டும் தப்புகிறது. காரீயத் தாதுவான கலீனாவில் இடைவெளி மிகவும் குறுகல், எல்லா நிறமும் விழுங்கப்பட்டுக் கரிய சாம்பல் தெரிகிறது. இடைவெளி சுருங்கச் சுருங்க நிறமின்மை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில்தான் நகர முடியும். நீலமோ பச்சையோ இந்த வழியில் மட்டும் வரவே வராது. வைரத்தில் நைட்ரஜன் கலந்தால் மஞ்சள், போரான் கலந்தால் நீலம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள 45.52 காரட் ஹோப் வைரம் போரானால் நீலமானது. புற ஊதா ஒளியைக் காட்டி அணைத்தால் அது சற்று நேரம் சிவப்பாக ஒளிரும் என்பது உபரித் தகவல்.

லாபிஸ் லசூலியின் நீலத்துக்கும் ஓர் உலோகம் காரணமில்லை. மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்து ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக வைத்துக்கொண்டிருக்கும் சிறு கூட்டம், படிகத்தின் கூண்டுகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தக் கூட்டம் ஆரஞ்சு ஒளியை விழுங்குகிறது. கந்தகம் என்றால் மஞ்சள் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி.

சரி, எலக்ட்ரானே சம்பந்தப்படாத நிறங்கள்? ஓபல். அதை எந்தச் சாயமும் வண்ணமயமாக்கவில்லை. ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகள், ஏறத்தாழ 150 முதல் 300 நானோமீட்டர் விட்டத்தில், வரிசை பிசகாமல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் ஒளி சிதறிக் குறுக்கிடும்போது ஒவ்வொரு கோணத்தில் ஒவ்வொரு நிறம். உருண்டை பெரிதானால்தான் சிவப்பு வரும். சிறியதில் நீலத்தோடு சரி. 1960களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். லாப்ரடோரைட்டில் காகிதத் தாள்களைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய அடுக்குகள் இதே வேலையைச் செய்கின்றன. வெறும் கலப்படத்தால் வரும் நிறமும் உண்டு: சிவப்பு ஜாஸ்பரில் இருப்பது ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடின் நுண்ணிய துகள், பால் வெள்ளைக் குவார்ட்ஸில் இருப்பது எண்ணற்ற திரவக் குமிழிகள்.

இவ்வளவு வழிகள் இருக்கும்போது நிறத்தை வைத்து அடையாளம் காண்பது எப்படி? தன்னிறக் கனிமங்களில் ஓரளவு முடியும். மற்றவற்றில் நிறத்தை நம்பினால் ஏமாற்றம்தான். பிரிட்டிஷ் மகுடத்தின் முன்புறம் பதித்த 'பிளாக் பிரின்ஸ் மாணிக்கம்' மாணிக்கமே இல்லை, ஸ்பினல். அரசர்களின் நகைகளில் இருந்த பெரிய சிவப்புக் கற்கள் பலவும் அப்படித்தான் பின்னர் தெரியவந்தன. ஸ்பினலிலும் சிவப்பைக் கொடுப்பது குரோமியம் என்பதால் கண்ணைக் குறை சொல்ல வழியில்லை.

அதனால் கனிமவியலார் கல்லின் நிறத்தோடு நிற்காமல் தூளின் நிறத்தையும் பார்ப்பார்கள். மெருகிடாத வெள்ளைப் பீங்கான் தகட்டில் கல்லை இழுத்தால் விழும் கோட்டைக் கீற்று என்பார்கள். ஹேமடைட் சில மாதிரிகளில் கறுப்பு, சிலவற்றில் எஃகு போன்ற சாம்பல், சிலவற்றில் மண் சிவப்பு. கீற்று எப்போதும் செம்பழுப்பு. பைரைட் பொன் போல மின்னும், கீற்றோ பச்சை கலந்த கறுப்பு. உண்மையான பொன்னின் கீற்று பொன்னிறமாகவே இருக்கும். தூளில் இந்த உண்மை வெளிப்படுவது ஏன்? துகள் மெல்லியது, ஒளி கடக்கும் தூரம் மிகக் குறைவு. விருந்தாளி அணுக்கள் தரும் பலவீனமான உறிஞ்சுதல் அந்தத் தூரத்தில் தெரியாது, தூள் வெள்ளையாகிவிடும். கனிமத்தின் சொந்த அமைப்பிலிருந்து வரும் பலமான உறிஞ்சுதல் மட்டும் தாக்குப்பிடிக்கும். ஆனால் இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. பீங்கானின் கடினம், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில், ஏறத்தாழ 7. அதைவிடக் கடினமான குருந்தமோ பெரிலோ தகட்டைத்தான் கீறும். சிலிக்கேட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கீற்று வெள்ளை அல்லது வெளிர்நிறம்தான், பெரிய பயன் இல்லை. உலோகத் தாதுக்களுக்குத்தான் இது கைகொடுக்கும்.

விவரிக்கும் முறைக்கு வருவோம். இதை ஒழுங்குபடுத்தியதில் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் காட்லோப் வெர்னருக்குப் பெரிய பங்கு உண்டு. 1774இல் அவர் கனிமங்களின் புறப்பண்புகளை விவரிக்க ஒரு முறையை வெளியிட்டார். வெள்ளை, சாம்பல், கறுப்பு, நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று எட்டு முதன்மை நிறங்கள். ஒவ்வொன்றின் கீழும் எல்லோரும் அறிந்த ஒரு பொருளோடு ஒப்பிட்ட உட்பிரிவுகள். பேட்ரிக் சைம் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் 1814இல் அதை வண்ண மாதிரிகளோடு விரித்து வெளியிட்டார். பீகிள் கப்பலில் போன டார்வின் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார். பித்தளை மஞ்சள், செம்புச் சிவப்பு, ஈயச் சாம்பல், இரும்புக் கறுப்பு என்று இன்றும் நூல்களில் எழுதுவது அந்த மரபு. உலோகப் பளபளப்புள்ள கனிமங்களுக்கு இந்தச் சொற்கள் இன்றைக்கும் நன்றாகவே பொருந்துகின்றன. பைரைட்டை 'வெளிர் பித்தளை மஞ்சள்' என்றும் கால்கோபைரைட்டை வெறும் 'பித்தளை மஞ்சள்' என்றும் எழுதினால் பழகியவருக்கு வித்தியாசம் உடனே புரியும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மன்செல் முறை. அதில் ஒரு நிறத்துக்கு மூன்று அளவுகள்: எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு செறிவு. '5ஆர் 4/6' என்று எழுதியிருந்தால் சிவப்பு வகை, நடுத்தரத்துக்குச் சற்றுக் கருமை, மிதமான செறிவு. பாறைகளையும் மண்ணையும் விவரிக்க இதற்கென்றே அட்டைகள் உண்டு. கல் ஈரமா உலர்ந்ததா என்பதையும் கூடவே குறிக்க வேண்டும், ஈரம் பட்டால் நிறம் கருத்துவிடும். இரத்தினப் பரிசோதகர்களும் நிறம், ஆழம், செறிவு என்ற இதே மூன்றைத்தான் வேறு அளவுகோலில் பயன்படுத்துகிறார்கள். 'புறா ரத்தச் சிவப்பு' மாதிரியான வியாபாரப் பெயர்கள் விலையை ஏற்றுமே தவிர விவரணையாக எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

பல கனிமங்களுக்கு ஒரே நிறம் எழுதினால் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். கார்டியரைட்டை ஒரு திசையில் பார்த்தால் ஊதா நீலம், இன்னொரு திசையில் கிட்டத்தட்ட நிறமில்லாத மஞ்சள். படிகத்துக்குள் ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து உறிஞ்சுதல் மாறுவதால் வரும் பல்நிறத் தன்மை இது. கன சதுர ஒழுங்கில் படிகமாகும் ஸ்பினலுக்கும் கார்னெட்டுக்கும் இது கிடையாது; மாணிக்கத்துக்கு உண்டு. ஆக, மகுடத்தில் ஏமாற்றிய ஸ்பினலை இருநிறங்காட்டி என்ற சின்னக் குழலில் சந்தேகப்பட்டிருக்கலாம். நுண்ணோக்கியில் 0.03 மில்லிமீட்டர் மெல்லிய பாறைச் சீவலைப் பார்க்கும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: குறுக்கிட்ட தளவாக்கிகளுக்கு (ஒளியை ஒரே திசையில் அதிர விடும் இரண்டு வடிப்பான்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தவை) இடையே தெரியும் பகட்டு வண்ணங்கள் ஒளிக் குறுக்கீட்டால் வருபவை. அவற்றைக் கனிமத்தின் நிறம் என்று எழுதக்கூடாது.

எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அலெக்சாண்ட்ரைட்டில் இருப்பதும் குரோமியம்தான். ஆக்சிஜன்களின் பிடி மாணிக்கத்துக்கும் மரகதத்துக்கும் இடைப்பட்டது. பச்சைக்கு ஒரு வழியும் சிவப்புக்கு ஒரு வழியும் ஏறத்தாழ சரிசமமாகத் திறந்திருக்கும். நீலமும் பச்சையும் மிகுந்த பகல் ஒளியில் பச்சை, சிவப்பு மிகுந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பு. யூரல் மலையில் 1830களில் கிடைத்த இந்தக் கல்லுக்குப் பகல் நிறம், விளக்கு நிறம் என்று இரண்டையும் குறிக்காவிட்டால் விவரணை பாதிதான்.

கடைசியாக, உடைத்த புது முகத்தின் நிறத்தை முதலில் எழுதிவிட்டு, வெளித்தோலின் நிறத்தைத் தனியாக எழுதுங்கள். போர்னைட்டைப் புதிதாக உடைத்தால் செம்பும் வெண்கலமும் கலந்த பழுப்பு. காற்றில் கிடந்ததும் மயில் கழுத்து நிறங்களாகப் படலம் பூத்துவிடும். ரியால்கர் வெளிச்சத்தில் இருந்தால் ஆரஞ்சுச் சிவப்பை இழந்து மஞ்சள் தூளாக உதிரும், அதை இருட்டில்தான் வைக்க வேண்டும். சில அமெதிஸ்டுகளும் தொடர்ந்து வெயில் பட்டால் வெளிறும். இந்த மாதிரிக் கற்களின் குறிப்பில் பார்த்த தேதியையும் சேர்த்துவிடுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே மாதிரியைப் பார்ப்பவர் உங்கள் விவரணையைப் பிழை என்று நினைக்க மாட்டார்.